இசைவாணர் என்ரீக்கோ கரூசோ

ஓவியர் மறையினும் ஓவியம் நிற்கும். புலவர் மறையினும் நூல் நிற்கும். பாடுவோர் கலையோ பாடிய அப்பொழுதே காற்றிற் கலந்தொழிவது. உலகில் நெடுங்காலம் நிலவிய இந்நிலையை மாற்றிய முன்னோருள் ஒருவர் இத்தாலி நாட்டு இசைவாணராகிய என்ரீக்கோ கரூசோ ஆவர்.

இவர் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் எளிய தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தனர். பதினொரு வயதிலேயே பட்டறையொன்றில் வேலை பயிலப் புகுந்தனர். கோயிற் பாடற்குழுவிற் பாடினர். வீதிகளிலும் காப்பிக் கடைகளிலும் பாடிச் சில காசுகள் ஈட்டினர். இவருக்குப் பதினைந்து வயதாகும்போது அன்னையார் காலமாயினர். ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருளின்மையால், வெர்ஜினே என்பாரிடம், பின்னாளிற் பெறும் ஊதியத்திற் காற்பங்கு தருவதாக உடன்பட்டுப் பாட்டுப் பயின்றனர்.

1895-ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்து அரங்கொன்றில் முதன்முதல் இசைநாடகம் நடித்தனர். 1900-ஆம் ஆண்டு மிலான் நகரின் புகழ்மிக்க லா ஸ்காலா அரங்கம் ஏறினர். அடுத்த ஆண்டின் இறுதியில், பிறந்த ஊரின் பெருமை வாய்ந்த சான் கார்லோ அரங்கிற் பாடும் பேறு கிட்டியது. அந்தோ! அயலூரார் போற்றிய குரலை ஊர்த் திறனாய்வாளர் போற்றிலர். உள்ளம் புண்பட்ட கரூசோ இனி அந்நகரிற் பாடுவதில்லையென உறுதி பூண்டனர். இறுதிவரை அதனை விட்டாரில்லை.

நிற்க. 1902-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் மிலான் நகரத்து விடுதி அறையொன்றில், கிராமபோன் கம்பெனியார்க்காக இவர் பத்துப் பாட்டுகள் பாடிப் பதிவு செய்தனர். பெற்ற ஊதியம் நூறு பவுன். பேசும் யந்திரத்தை விளையாட்டுப் பொருளெனப் பலர் இகழ்ந்த காலம் அது. கரூசோவின் கனத்த, நிறைந்த குரலோ அக்கருவிக்கென்றே அமைந்ததுபோல் விளங்கியது. 1903-ஆம் ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கிற் புகுந்தவர், ஆங்கு எண்ணூறு முறைக்கு மேற் பாடினர். அரங்கிற்குச் செல்லப் பொருளில்லாதாரும் இசைத்தட்டின் வாயிலாக அவரைக் கேட்டனர். உயர்ந்த இசைநாடகப் பாடல்களோடு நேப்பிள்ஸ் மக்களின் எளிய பாட்டுகளையும் அவர் பதிவு செய்தனர். அவர் புகழ் பொதுமக்களிடையே வேரூன்றியதற்கு இஃதொரு காரணமாகும்.

1920-ஆம் ஆண்டு டிசம்பரில் நோய் முற்றியது. அத்திங்கள் 24-ஆம் நாள் பாடியதே இறுதி அரங்கமாயிற்று. மறு ஆண்டு தாயகம் திரும்பிய அவர், பாடேன் என்று விலகிய அந்நேப்பிள்ஸிலேயே ஆகஸ்டு 2-ஆம் நாள் தமது நாற்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தனர். அந்நகரம் அவரைத் தன் மடியில் ஏற்றுக்கொண்டது. அவர் மறுத்த பாட்டை அங்குள்ளார் இன்றும் இசைத்தட்டுகளிற் கேட்கின்றனர். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க இசைப்பதிவுக் கழகத்தார் அவர்க்கு வாழ்நாட் சாதனைக்கான கிராமி விருதளித்துச் சிறப்பித்தனர்.

மாணவ நண்பர்களே! சிறுமை கண்டு அவர் மனம் நொந்ததுண்டு, கலையைக் கைவிட்டதில்லை. பிறர் இகழ்ந்த புதுக்கருவியையும் அவர் இகழ்ந்திலர். அவ்விரண்டுமே அக்குரலை அழியாது காத்தன.