வைசூரி கண்ட ஊரில் ஒரு குருவானவர்



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கொழுந்து நிறுத்துவிட்டு அவசர அவசரமாய்ச் சிலுவைப்பாதைக்கு வந்து முழந்தாளிடும் நோட்டன் பிரிட்ஜ் தோட்டத்துக் குடும்பங்களை நினைத்தே இதை எழுதுகிறோம். தேயிலை வருமுன் உங்கள் மலைகள் பெருங்காடாய்க் கண்டி மன்னனின் ஆட்சிக்குள் கிடந்தன. அந்தக் கண்டியில் உழைத்து மாண்ட புனித யோசப் வாஸ் அடிகளாரின் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் 1697-ம் ஆண்டில் அவர் செய்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

அடிகளார் 1651-ல் கோவா நாட்டில் பிறந்தவர். 1676-ல் குருப்பட்டம் பெற்றவர். மறு ஆண்டே தம்மைத் தேவதாயின் அடிமையென்று எழுதிக் கையொப்பமிட்டார். செபத்தில் அத்தனை ஊன்றியவர். இலங்கையில் ஒல்லாந்தரின் கெடுபிடியால் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவிப்பதைக் கேட்டபின், அந்தச் செபமே அவரைக் கோவாவில் இருக்கவிடவில்லை. தமிழ் கற்றார். 1687-ல் கூலியாள் வேடத்தில், யோவான் என்னும் துணைவருடன் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைவில் வீழ்ந்தார். தெரியாத ஊரில், நாதியற்றவனாய், நோயோடு கிடப்பது எப்படியென்று அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது.

1692-ல் கண்டிக்கு வந்தபோது ஒற்றனென்று பழி சுமத்திச் சிறையிட்டார்கள். சிறையிலிருந்தே சிங்களமும் கற்றார்.

பின்பு வந்தது வைசூரி. அக்காலத்தில் அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுவந்தார்கள். குற்றம் சொல்லாதீர்கள், அந்தப் பயம் நமக்கும் உண்டு. 2020-ல் கொரோனா வந்தபோது, நோய் கண்ட வீட்டின் கதவை எத்தனை பேர் எட்ட நின்று பார்த்தோம்!

அடிகளார் ஓடவில்லை. அவருக்கு உறவினரான யோசப் கார்வாலோ என்ற குருவானவரும் உடன் நின்றார். கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய்க் குடிசை போட்டுக் கிடத்தினார்கள். புண்களைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தோரைக் கையாலேயே அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கனா, பௌத்தனா என்ற கேள்வியே எழவில்லை. பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் இதைக் கண்டு, அவர் தடையின்றிப் பணிசெய்ய இடங்கொடுத்தான். ஆனால் அதற்காகவா அடிகளார் கஞ்சிச் சட்டியைத் தூக்கினார்? சிலுவைக்கு முன்னால் முழந்தாளிட்டவருக்கு நோயாளியின் பாயருகே முழந்தாளிடுவது வேறு வேலையாகத் தோன்றவில்லை, அவ்வளவே.

உங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருமிக்கொண்டு கிடக்கும் பாட்டிக்கு இந்தத் தவக்காலத்தில் யார் கஞ்சி கொண்டுபோகிறார்கள்? சிலுவைப்பாதை முடிந்து திரும்பும் வழியில்தானே அந்தக் கதவு இருக்கிறது?

1711 சனவரி 16-ல் அடிகளார் கண்டியில் உயிர்நீத்தார். 2015-ல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவரைப் புதைத்த இடம் மட்டும் இன்று கண்டியில் அடையாளமற்றுப் போயிற்று, அவர் அடக்கம் செய்த வைசூரி நோயாளிகளின் குழிகளைப் போலவே.