சனி வளையத்தின் ரகசியம் சொன்ன மேக்ஸ்வெல்

குட்டி நண்பர்களே, இதைப் படிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போமா? ஒரு கொட்டாங்கச்சியும் ஒரு கோலிக்குண்டும் போதும். கொட்டாங்கச்சிக்குள் குண்டைப் போட்டு, விரலால் லேசாகத் தட்டுங்கள். குண்டு இப்படியும் அப்படியும் உருண்டுவிட்டு, கடைசியில் அடியில் வந்து நின்றுவிடும். இப்போது கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, அதன் உச்சியில் குண்டை நிறுத்திப் பாருங்கள். கஷ்டப்பட்டு நிறுத்தினாலும், லேசாக ஊதினால் போதும், உருண்டு ஓடிவிடும்!

குண்டு இரண்டு இடத்திலும் நிற்கத்தான் செய்கிறது. ஆனால், உள்ளே இருக்கும்போது தள்ளிவிட்டால் பழைய இடத்துக்கே திரும்புகிறது. உச்சியில் இருக்கும்போது தள்ளிவிட்டால் திரும்புவதே இல்லை. முதலாவதை நிலையான சமநிலை என்கிறார்கள். இரண்டாவது நிலையற்ற சமநிலை.

ஒரு பொருளை லேசாகத் தள்ளிவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்புமா, திரும்பாதா? கேட்பதற்கு எளிதான கேள்விதான். இந்தக் கேள்வியை வானத்தில் இருக்கும் சனிக் கிரகத்திடமும், பூமியில் ஓடும் எந்திரத்திடமும் கேட்டு விடை கண்ட ஒரு விஞ்ஞானி இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஒளியும் ஒரு மின்காந்த அலைதான் என்று கணக்குப் போட்டுச் சொன்ன மேதை அவர். வானொலியும் தொலைக்காட்சியும் செல்போனும் அவருடைய சமன்பாடுகளில் இருந்து கிளைத்தவையே. அந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். நாம் இன்று பார்க்கப் போவது அதிகம் பேர் அறியாத இன்னொரு கதை.

கேள்வி கேட்ட சிறுவன்

மேக்ஸ்வெல் 1831-ம் ஆண்டு ஜூன் 13-ந்தேதி ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரில் பிறந்தார். வளர்ந்தது கிளென்லேர் என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில். மூன்று வயதிலேயே எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் துளைப்பாராம். ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அவரிடம் தப்பிக்க முடியாது. சரியாக எப்படி என்று மறுபடியும் கேட்பார். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் வேலைக்காரர்களைக் கூப்பிட மணிகள் இருக்கும். ஓர் அறையில் கம்பியை இழுத்தால் இன்னோர் அறையில் மணி அடிக்கும். அந்தக் கம்பிகள் எந்தச் சுவருக்குள் போய் எங்கே வெளியே வருகின்றன என்று வீடு முழுக்கத் தேடித் திரிந்தார் அந்தக் குட்டிப் பையன்.

எட்டு வயதில் அவருக்குப் பெரிய துக்கம் நேர்ந்தது. அம்மா பிரான்சஸ் புற்றுநோயால் இறந்து போனார். அதன் பிறகு அப்பா ஜான்தான் அவருக்கு எல்லாம்.

பத்து வயதில் எடின்பரோவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அப்பாவே வடிவமைத்த சதுர முனைக் காலணியும், வித்தியாசமான சட்டையும் போட்டுக்கொண்டு போனார் மேக்ஸ்வெல். பேச்சிலும் கிராமத்து வாடை. நகரத்துப் பையன்கள் விடுவார்களா? முதல் நாளே சட்டையைக் கிழித்து அனுப்பினார்கள். அசடு என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். மேக்ஸ்வெல் அதற்காக அழுது புலம்பவில்லை. தன் போக்கில் படித்துக் கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளில் அந்த அசடுதான் பள்ளியின் கணிதப் பதக்கத்தை வாங்கியது! 14 வயதில், ஊசியும் நூலும் பென்சிலும் கொண்டு முட்டை வடிவக் கோடுகள் வரையும் வழியைக் கண்டுபிடித்து ஒரு கட்டுரை எழுதினார். 1846-ம் ஆண்டு எடின்பரோ ராயல் சொசைட்டியில் அது படிக்கப்பட்டது. படித்தவர் மேக்ஸ்வெல் அல்ல, பேராசிரியர் ஃபோர்ப்ஸ். பெரிய அறிஞர்கள் கூடும் சபையில் ஒரு சிறுவன் எழுந்து நின்று படிப்பது முறையில்லை என்று நினைத்த காலம் அது.

இரண்டாம் இடம்

1850-ல் மேக்ஸ்வெல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கணிதத்தின் இறுதித் தேர்வு பயங்கரக் கடினமாக இருக்கும். அதில் முதலிடம் பிடிப்பவரை நாடே கொண்டாடும். 1854-ம் ஆண்டுத் தேர்வில் மேக்ஸ்வெல்லுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்தான். முதலிடம் பிடித்தவர் எட்வர்ட் ரௌத். இவரும் 1831-ல் பிறந்தவரே. கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் படித்தவர்.

ரௌத் என்ற பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், குழந்தைகளே. கதையின் கடைசியில் அவர் மறுபடியும் வருவார்.

சனியின் வளையம்

சனிக் கிரகத்தைச் சுற்றி அழகான வளையங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவை எதனால் ஆனவை? மேக்ஸ்வெல் காலத்தில் யாருக்கும் தெரியாது. சோறு வடிக்கும் தட்டு போலக் கெட்டியானவையா? தண்ணீர் போலத் திரவமா? அல்லது துண்டு துண்டாக இருக்கும் கற்களா? இவற்றில் எது உடையாமல், விழாமல் நிலைத்து நிற்கும் என்று கண்டுபிடிக்கும்படி 1855-ல் கேம்பிரிட்ஜ் ஒரு போட்டி அறிவித்தது. அதற்கு ஆடம்ஸ் பரிசு என்று பெயர்.

மேக்ஸ்வெல் கணக்கைத் தொடங்கினார். நடுவில் 1856-ல் அவருடைய அன்பு அப்பா இறந்து போனார். அதே ஆண்டில் அபர்டீன் நகரக் கல்லூரியில் 25 வயதில் பேராசிரியர் ஆனார். துக்கம் ஒரு பக்கம், புது வேலை ஒரு பக்கம். ஆனாலும் சனியை அவர் விடவில்லை. அந்த ஆண்டு முடிவில் கட்டுரையை அனுப்பி வைத்தார். கணக்கு எவ்வளவு கடினம் என்றால், போட்டிக்கு வந்தது அவருடைய கட்டுரை ஒன்றுதான்!

அவர் என்ன செய்தார் தெரியுமா? நாம் கோலிக்குண்டைத் தட்டியது போல, மனதுக்குள் வளையத்தைத் தட்டிப் பார்த்தார்.

முதலில் கெட்டியான வளையம். அது ஒரு மயிரிழை நகர்ந்தாலும், சனிக்கு அருகில் வந்த பக்கம் இன்னும் பலமாக இழுக்கப்படும். இன்னும் நகரும். கடைசியில் சனியின் மேல் மோதிவிடும். கவிழ்த்த கொட்டாங்கச்சியின் மேல் வைத்த குண்டு கதைதான்! வளையத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் தப்பிக்கலாம் என்று கணக்கு சொன்னது. ஆனால் அப்படி ஒரு புடைப்பு வளையத்தில் யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே கெட்டியான வளையம் இருக்க முடியாது.

அடுத்து திரவ வளையம். அதில் அலைகள் எழும். அலைகள் பெரிதாகிப் பெரிதாகி வளையத்தைத் துளித்துளியாக உடைத்துவிடும். அதுவும் நிலைக்காது.

மிஞ்சியது ஒன்றுதான். தனித்தனியாகச் சனியைச் சுற்றும் எண்ணற்ற சிறு துண்டுகள். அவற்றில் ஒன்றைத் தள்ளினால் வளையம் முழுவதும் ஓர் அலை ஓடும். ஆனால் வளையம் உடையாது. சனி வளையம் இப்படித்தான் இருக்க முடியும் என்று எழுதினார் மேக்ஸ்வெல். தொலைநோக்கி வழியாகத் தேடாமல், பேனாவும் காகிதமும் கொண்டே கண்டுபிடித்துவிட்டார்!

1857-ல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கணக்கு புரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று, 36 சிறு தந்தக் குண்டுகள் கொண்ட ஒரு மாதிரியையும் செய்ய வைத்தார். கைப்பிடியைச் சுற்றினால் குண்டுகள் அலை அலையாக அசையும்.

அவர் சொன்னது சரியா? 1895-ல் அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் கீலர் சோதித்தார். ஒரு சக்கரம் சுற்றும்போது மையத்துக்கு அருகே உள்ள பகுதியைவிட விளிம்புதானே வேகமாகப் போகும்? சனி வளையத்தில் நேர் எதிராக, உள்பக்கம் வேகமாகவும் வெளிப்பக்கம் மெதுவாகவும் போவதைக் கீலர் கண்டார். கெட்டியான வளையத்தில் இது நடக்கவே நடக்காது. பிற்காலத்தில் வாயேஜர், காசினி விண்கலங்களும் அருகில் போய்ப் பார்த்தன. வளையம் முழுக்கப் பனிக்கட்டித் துண்டுகள். தூசி அளவிலும் உண்டு, வீடு அளவிலும் உண்டு!

கவர்னர் என்றால் யார்?

கவர்னர் என்றதும் மாநிலத்தின் ஆளுநர் நினைவுக்கு வருகிறாரா? எந்திரங்களுக்கும் ஒரு கவர்னர் உண்டு. அதன் வேலை எந்திரத்தின் வேகத்தை ஒரே அளவில் வைத்திருப்பது. நீராவி எந்திரத்தில் 1788-ல் இதைப் பொருத்தியவர் ஜேம்ஸ் வாட். செங்குத்தான ஒரு தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். எந்திரம் வேகமாக ஓடினால் குண்டுகள் வேகமாகச் சுற்றி, விரிந்து மேலே ஏறும். அவை ஏறினால் நீராவி வரும் வால்வு மூடும். வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டுகள் இறங்கும், வால்வு திறக்கும். ஆள் இல்லாமலேயே எந்திரம் தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும்!

ஆனால் ஒரு தொல்லை. சில கவர்னர்கள் வேகத்தைச் சீராக்குவதற்குப் பதில், எந்திரத்தைக் கூட்டிக் குறைத்து ஆட்டம் போட வைத்தன. நீங்கள் சைக்கிள் பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் பதறிப்போய் ஹேண்டில்பாரை வெடுக்கென்று ஒடிப்பீர்கள். உடனே வலப்பக்கம் சாயும். மறுபடி திருப்புவீர்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் அதிகமாகி, கடைசியில் தொப்பென்று விழுவீர்கள். கவர்னரும் அவசரப்பட்டு அளவுக்கு மீறித் திருத்தினால் இதே கதிதான்.

1860-ல் அபர்டீனில் இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கியபோது மேக்ஸ்வெல்லின் வேலை போனது. அவர் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கே மின்தடையை அளக்கும் சோதனைக்காக ஒரு கம்பிச் சுருளைச் சீரான வேகத்தில் சுழற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கவர்னரைப் பயன்படுத்தினார்கள். சிறுவயதில் மணிக் கம்பிகளைத் தேடித் திரிந்தவர் இதை மட்டும் விடுவாரா? 1868-ல் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

எந்திரத்தை லேசாகக் கலைத்துவிட்டால் நான்கு விதங்களில் ஒன்று நடக்கும் என்றார் அவர். கலக்கம் ஒரேயடியாக வளரலாம். ஒரேயடியாகக் குறையலாம். ஆடி ஆடி வளரலாம். ஆடி ஆடிக் குறையலாம். வளர்ந்தால் ஆபத்து, குறைந்தால் நல்லது. எது நடக்கும் என்பதை, எந்திரத்தைச் செய்வதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்றும் காட்டினார்.

எளிமையான எந்திரங்களுக்கு அந்தக் கணக்கு முடிந்தது. பாகங்கள் அதிகமானால் சமன்பாடும் நீளும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொது விதி அவருக்குக் கிடைக்கவில்லை. மேக்ஸ்வெல் அதை மறைக்கவில்லை. தன்னால் முடியவில்லை என்பதைக் கட்டுரையிலேயே எழுதி வைத்தார்.

மீண்டும் ரௌத்

1871-ல் மேக்ஸ்வெல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் முதல் பேராசிரியர் ஆனார். 1875-ல் அதே ஆடம்ஸ் பரிசுக்கு ஒரு புதிய தலைப்பு அறிவிக்கப்பட்டது. ஓர் இயக்கம் நிலையானதா இல்லையா என்று அறியும் விதி என்ன என்பதே கேள்வி. தேர்வாளர்களில் ஒருவராக இருந்தவர் மேக்ஸ்வெல்!

1877-ல் பரிசை வென்றவர் யார் தெரியுமா? 23 ஆண்டுகளுக்கு முன் தேர்வில் மேக்ஸ்வெல்லை முந்திய அதே ரௌத்! மேக்ஸ்வெல் தேடிய பொது விதியை அவர் கண்டுபிடித்துவிட்டார். சமன்பாட்டின் எண்களை ஒரு அட்டவணையாக எழுதி, முதல் வரிசையில் மேலிருந்து கீழே பார்த்தால் போதும். குறி மாறாமல் இருந்தால் எந்திரம் நிலையானது. உங்கள் அண்ணனோ அக்காவோ பொறியியல் படித்தால் ரௌத் அட்டவணை பற்றிக் கேட்டுப் பாருங்கள். இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேக்ஸ்வெல் நோயில் விழுந்தார். அம்மாவைக் கொண்டுபோன அதே புற்றுநோய். 1879-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி, 48 வயதில் இறந்தார். கிளென்லேருக்கு அருகே பார்ட்டன் கிராமத்துத் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய கவர்னர் கட்டுரையை வெகுகாலம் பலர் கவனிக்கவே இல்லை. 1948-ல் நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், தானாகத் திருத்திக் கொள்ளும் எந்திரங்களின் அறிவியலுக்குப் பெயர் சூட்டியபோது, மேக்ஸ்வெல்லின் கட்டுரையை நினைவுகூர்ந்து பெருமைப்படுத்தினார். இன்று விமானம் காற்றில் ஆடினாலும் நேராகிறது. ராக்கெட் சாய்ந்தாலும் நிமிர்கிறது. கம்ப்யூட்டர் போடும் பெரிய கணக்குகளில்கூட, ஒரு சிறு பிழை நுழைந்தால் அது வளருமா, குறையுமா என்று முதலில் பார்க்கிறார்கள். எல்லாம் அதே கோலிக்குண்டுக் கேள்விதான்!

என்ன குழந்தைகளே, மேக்ஸ்வெல்லைப் பிடித்திருக்கிறதா? அசடு என்று மற்றவர்கள் சொன்னதற்காக அவர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுத வெட்கப்படவும் இல்லை. அப்படி எழுதியதால்தான், விட்ட இடத்தில் இருந்து ரௌத் தொடர முடிந்தது. அடுத்த முறை வகுப்பில் ஒரு கணக்கு பாதியில் நின்றுவிட்டால், நோட்டை மூடிவிடாதீர்கள். எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று எழுதி வையுங்கள். மீதியைப் பக்கத்து பெஞ்ச் நண்பன் முடித்துத் தரக்கூடும்!