ஜேக்கப் சாண்டி

மருத்துவர் ஜேக்கப் சாண்டி (ஜனவரி 23, 1910 - ஜூன் 23, 2007) இந்தியாவில் நரம்பியல் அறுவை மருத்துவத்திற்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். 1949 ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இவர் தொடங்கிய துறையே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையாகும். மூளையில் நீர் தேங்கும் நோய்க்கு வடிகுழாய் பொருத்தும் சிகிச்சை குறித்து இத்துறையில் பின்னர் நடந்த ஆய்வு உலக அளவில் பயன்படுத்தப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஜேக்கப் சாண்டி கேரளத்தின் கோட்டயத்தில் சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பாரசீக வளைகுடாவில் உள்ள பக்ரைனில், பால் ஹாரிசன் என்ற அமெரிக்க மருத்துவரின் கீழ் மிசன் மருத்துவமனையில் பணியாற்றினார். 1940களில் மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்றார். கனடாவின் மொன்றியால் நரம்பியல் நிறுவனத்தில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடமும், அதன் பின்னர் சிக்காகோவில் தியோடர் ராஸ்முசெனிடமும் பயிற்சி பெற்றார்.

வேலூர்ப் பணி

வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் சாண்டி 1949 இல் வேலூருக்கு வந்தார். அன்று இந்தியாவில் இத்துறைக்கென்று தனிப் பிரிவோ, பயிற்சி பெற்ற செவிலியரோ, போதிய கருவிகளோ இல்லை. நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும் அவருடன் வேலூரில் பணியாற்றினார். 1952 இல் இவ்விருவரும் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையை மேற்கொண்டனர். இந்தியாவில் அத்தகைய சிகிச்சைகளுள் இது முன்னோடியானது.

1951 இல் சாண்டி, பல்தேவ் சிங், சென்னையைச் சேர்ந்த பா. இராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன் ஆகிய நால்வரும் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். சாண்டி அதன் முதல் தலைவரானார். 1950களின் பிற்பகுதியில் நரம்பியல் அறுவை மருத்துவர்களை உருவாக்கும் முறையான பயிற்சியையும் வேலூரில் தொடங்கினார். அதுவரை இப்பயிற்சிக்கு வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றிய இவர் 1970 இல் ஓய்வு பெற்றார்.

மூளை நீர்த்தேக்கமும் வடிகுழாயும்

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீர் வளர்ந்தவர்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. இது மூளையின் அறைகள் வழியே ஓடி இரத்தத்தில் கலக்கிறது. இவ்வோட்டம் தடைப்பட்டால் நீர் தேங்கி மூளையை அழுத்தும். பிறவிக் குறைபாடு, கட்டி, இரத்தக் கசிவு ஆகியவற்றுடன் மூளையுறைக் காசநோயும் இதற்குக் காரணமாகும். காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் இக்காரணம் முக்கியமானது.

தேங்கிய நீரை உடலின் வேறிடத்திற்குக் கொண்டு செல்லும் வடிகுழாய் 'ஷன்ட்' எனப்படுகிறது. சாண்டி வேலூருக்கு வந்த அதே 1949 இல்தான் அமெரிக்காவில் நல்சென், ஸ்பிட்ஸ் என்போர் அடைப்பிதழ் (வால்வு) கொண்ட வடிகுழாயை முதன்முதலில் வெற்றிகரமாகப் பொருத்தினர். 1956 இல் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, இந்நோயுற்ற தம் மகனுக்காகச் சிலிக்கோனால் ஆன வால்வை உருவாக்கினார். தற்போது பெரும்பாலும் நீர் வயிற்றறைக்குள் விடப்படுகிறது.

வடிகுழாய் உயிரைக் காத்தாலும் அதனால் வரும் சிக்கல்கள் பல:

அடைப்பு: திசுக்களாலோ புரதம் மிகுந்த நீராலோ குழாய் அடைபடலாம். தலைவலி, வாந்தி, தூக்க மயக்கம் ஆகியன அறிகுறிகள். கைக்குழந்தைகளுக்கு உச்சிக்குழி புடைக்கும். குழாயை உடனே மாற்றாவிடில் உயிருக்கு ஆபத்து நேரும்.

தொற்று: பெரும்பாலும் தோலில் வாழும் நுண்ணுயிர்களால், பொருத்திய முதற் சில மாதங்களில் ஏற்படுகிறது. குழாயை அகற்றி, நீரைத் தற்காலிகமாக வெளியே வடித்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அளித்து, தொற்று நீங்கிய பின் புதிய குழாய் பொருத்தப்படும்.

மிகை வடிதல்: நீர் அளவுக்கு மீறி வடிந்தால் மூளையின் மேற்புறம் இரத்தம் கட்டலாம்.

குழாய் கழன்று போவதும், குழந்தை வளரும்போது நீளம் போதாமற் போவதும் உண்டு. எனவே வடிகுழாய் பொருத்தியவர்களுக்கு வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவை.

வேலூர்த் தரநிலை

சாண்டி ஓய்வு பெற்ற பின்னர், மூளையுறைக் காசநோயால் நீர் தேங்கி வடிகுழாய் பொருத்தப்பட்ட 114 நோயாளிகளை வேலூர்த் துறையினர் நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து, 1991 இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளிகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டனர். நல்ல நினைவும் நரம்புக் குறைபாடு இன்மையும் முதல் தரம். ஆழ்ந்த மயக்கம் நான்காம் தரம். இறப்பு விகிதம் முதல் தரத்தில் 20 விழுக்காடு, இரண்டாவதில் ஏறத்தாழ 35, மூன்றாவதில் ஏறத்தாழ 52. நான்காம் தரத்தினர் எவரும் பிழைக்கவில்லை.

முதலிரு தரத்தினருக்குக் காலந்தாழ்த்தாமல் வடிகுழாய் பொருத்த வேண்டும் என்றும், நான்காம் தரத்தினருக்கு முதலில் நீரை வெளியே வடித்து, ஓரிரு நாட்களில் முன்னேற்றம் தெரிந்தால் மட்டுமே பொருத்த வேண்டும் என்றும் இவ்வாய்வு பரிந்துரைத்தது. இது வேலூர்த் தரநிலை அல்லது பாலூர் தரநிலை எனப்படுகிறது.

எல்லைப் பகுதி மக்களும் இத்துறையும்

இம்முடிவு நோயாளி எவ்வளவு விரைவில் மருத்துவமனையை அடைகிறார் என்பதன் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. 1949 இல் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார மக்களுக்கு இச்சிகிச்சைக்கு வேலூரே வழியாக இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பின்னர் பெங்களூரிலும் இத்துறை வளர்ந்ததால், தொழில் நகரமான ஓசூரின் மக்களுக்கு 40 கிலோமீட்டர் தொலைவிலேயே சிகிச்சை கிடைக்கிறது. குழாய் அடைபட்டவருக்கு இத்தொலைவு வேறுபாடு உயிர் காக்கக் கூடியது. சாண்டி தொடங்கிய பயிற்சியின் பயன், இந்தியாவின் பல ஊர்களிலும் இத்தகைய மருத்துவர்கள் உருவானதில் உள்ளது.

சிறப்புகளும் மறைவும்

இந்திய அரசு 1964 இல் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. ஓய்விற்குப் பின் இவர் தன்வரலாற்று நூல் ஒன்றை எழுதினார். 2007 ஜூன் 23 அன்று, தமது 97 ஆம் அகவையில் காலமானார்.