மூன்று மாதத் துரை

1888-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். இங்கிலாந்துத் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றது. பயணிகள் இறங்கினார்கள். எல்லோருக்கும் கறுப்பு உடுப்பு. ஒரே ஓர் இந்திய வாலிபர் மட்டும் வெள்ளைக் கம்பளி உடுப்பில், காக்கைக் கூட்டத்தில் கொக்கு போல இறங்கினார். இறங்கும்போது உடுத்துவதற்கென்றே அதைப் பத்திரமாக வைத்திருந்தார். மாற்றிக் கொள்ளலாம் என்றால் பெட்டிகள் கையில் இல்லை. அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை வரை அதே வெள்ளை உடுப்புதான். கூச்சத்தால் குன்றிப் போனார்.

அந்த வாலிபர்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பிற்காலத்தில் உலகமே வணங்கிய காந்தியடிகள்.

அன்று மாலையே இன்னொரு வெட்கம். அவரைப் பார்க்க டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்தார். மேத்தாவின் உயர்ந்த பட்டுத் தொப்பி பளபளவென்று இருந்தது. காந்தி ஆசையாக அதைத் தடவினார். தடவியது எதிர்ப்பக்கமாக! மென்மயிர் எல்லாம் கலைந்து விட்டது. மேத்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறர் பொருளைத் தொடக்கூடாது என்பது சீமையில் அவர் படித்த முதல் பாடம்.

சூப்பு வந்தது, வம்பும் வந்தது

மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாய் புத்லிபாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்து விட்டுத்தான் காந்தி கப்பல் ஏறினார். லண்டனிலோ மரக்கறி உணவு கிடைப்பது அரிது. பல நாள் அரை வயிற்றோடு படுத்தார். பிறகு ஒரு நாள் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவு விடுதி ஒன்றைக் கண்டார். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

அவருடைய நண்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. மாமிசம் சாப்பிடாவிட்டால் வெள்ளைக்காரரோடு பழக முடியாதே என்று அவருக்குக் கவலை. ஒரு பெரிய விடுதிக்குக் காந்தியை விருந்துக்கு அழைத்துப் போனார். முதலில் சூப்பு வந்தது. அதில் மாமிசம் கலந்திருக்கிறதா என்று பரிமாறுகிறவரிடம் கேட்கக் காந்தி முயன்றார். நண்பருக்கு மானம் போய் விட்டது. நாகரிகம் தெரியாவிட்டால் வெளியே போய்க் காத்திருக்கும்படி சொல்லி விட்டார். காந்தி எழுந்து போனார். பக்கத்திலிருந்த மரக்கறி விடுதி பூட்டியிருந்தது. அன்றிரவு பட்டினி.

சாப்பாட்டு விஷயத்தில் நண்பருக்கு இணங்க முடியாது. அதற்கு ஈடாக மற்ற எல்லாவற்றிலும் வெள்ளைக்காரத் துரையாகவே மாறி விடுவது என்று காந்தி தீர்மானித்தார். மாறுவது என்றால் கொஞ்சமா? உடை, தலைவாருதல், நடனம், சங்கீதம், பேச்சு, பிரெஞ்சு மொழி எல்லாம் ஒரே மூச்சில்!

பம்பாயில் தைத்த உடுப்புகள் போதாது என்று புதியவை வாங்கினார். 19 ஷில்லிங்கில் உயரமான தொப்பி. பாண்டுத் தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை நேர உடுப்பு. அந்நாளில் 20 ஷில்லிங் ஒரு பவுன். ஊரிலிருந்த அண்ணனுக்கு எழுதி இரட்டைவடத் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். பாவம் அந்த அண்ணன்! தம்பி பாரிஸ்டராகித் திரும்பினால் குடும்பம் தலைதூக்கும் என்று கடன் கிடன் பாராமல் பணம் அனுப்பிக் கொண்டிருந்தவர். வீட்டில் தம்பியின் மனைவி கஸ்தூரிபாய், கைக்குழந்தை ஹரிலாலுடன் காத்திருந்தார்.

முடி திருத்துகிறவர் வரும்போது மட்டும் கண்ணாடி பார்த்துப் பழகிய காந்தி, தினம் பத்து நிமிஷம் பெரிய கண்ணாடி முன் நின்றார். கழுத்துப்பட்டையைச் சரிபார்ப்பார், வகிடு எடுப்பார். முரட்டு முடி படியாது. தினமும் சண்டைதான்.

நடனம் கற்க 3 பவுன் கட்டினார். மூன்று வாரத்தில் ஆறு பாடம். பியானோ ஒரு பக்கம் போயிற்று, கால் ஒரு பக்கம் போயிற்று. தாளமே பிடிபடவில்லை. காது பழகினால் கால் பழகும் என்று 3 பவுனுக்குப் பிடில் வாங்கினார். கற்றுத்தர ஓர் ஆசிரியை. பேச்சுப் பழக இன்னோர் ஆசிரியர். அவருக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங்.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவை மேய்க்க ஆள் வைத்த சந்நியாசியின் கதை நமக்குத் தெரியும். தம் நிலையும் அப்படித்தான் ஆயிற்று என்று காந்தியே பின்னாளில் எழுதினார்.

மூன்று மாதம் சென்றது. ஆயுள் முழுவதும் இங்கிலாந்திலா இருக்கப் போகிறோம்? ஆடத் தெரிந்தால் துரையாகி விடுவோமா? வந்தது படிக்க அல்லவா? இப்படி எண்ணம் ஓடியது. பேச்சு ஆசிரியருக்கும் நடன ஆசிரியருக்கும் கடிதம் எழுதி நிறுத்தி விட்டார். பிடில் ஆசிரியையிடம் நேரில் போனார். கிடைத்த விலைக்குப் பிடிலை விற்றுத் தரும்படி கேட்டார். உடையில் கவனம் மட்டும் பல ஆண்டுகள் அவரை விட்டுப் போகவில்லை.

இழை இழையாக

இதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. காந்தி மாறுவதை நிறுத்தவில்லை. மாறும் வகையை மாற்றிக் கொண்டார்.

முதலில், செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். பிறகு வாடகை குறைந்த அறைகளுக்குப் போனார். வண்டிக்குக் காசு கொடுக்காமல் தினம் எட்டு, பத்து மைல் நடந்தார். அது பழகிய பின்னர் ஒற்றை அறைக்கு மாறி, அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சி தாமே காய்ச்சினார். சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்கு ஒன்றேகால் ஷில்லிங்காக இறங்கிற்று. 1891 ஜூனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. பட்டுப் பாவு தீர்ந்து போனால் அவர்கள் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. பழைய பாவின் நுனி, விழுதிலும் அச்சிலும் அப்படியே நிற்கும். புதுப் பாவின் இழையைப் பழைய இழையோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! அவசரப்பட்டு மொத்தமாக இழுத்தால் சிக்குத்தான் மிஞ்சும். பிணைத்து முடிந்தபின் மெல்ல இழுத்தால், புதுப் பாவு தானாக அச்சுக்குள் நுழைந்து வரும்.

கஸ்தூரிபாயின் கண்ணீர்

தம் விஷயத்தில் கற்ற இந்தப் பொறுமையை மனைவி விஷயத்தில் காந்தி உடனே கற்கவில்லை. 1898-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம். அவர் வீட்டில் குமாஸ்தாக்களும் தங்கியிருந்தார்கள். அறைகளில் இரவில் வைக்கும் மூத்திரக் கலயங்களைக் கணவனும் மனைவியுமே சுத்தம் செய்வது வழக்கம். புதிதாக வந்த குமாஸ்தா, பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய கலயத்தைத் தூக்கக் கஸ்தூரிபாய்க்கு மனம் வரவில்லை. பிறந்தது முதல் ஊறிப்போன வழக்கம். அழுதுகொண்டே தூக்கினார். அழாமல், சிரித்த முகத்தோடு தூக்க வேண்டும் என்று காந்தி அதட்டினார். வாய்ச்சண்டை முற்றியது. மனைவியின் கையைப் பற்றி வாசற்கதவு வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் பார்த்தார். கடல் கடந்த ஊரில் போக்கிடம் ஏது என்று அந்த அம்மாள் அழுதார். காந்தி வெட்கித் தலை குனிந்தார், கதவைச் சாத்தினார்.

காந்தி கொண்ட கொள்கை உயர்ந்தது, அதில் சந்தேகமில்லை. கையைப் பிடித்து இழுத்ததை எந்தக் கொள்கையும் நியாயமாக்காது. அதை அவரே மறைக்காமல் உலகறிய எழுதினார்.

சில ஆண்டுகள் கழித்துக் கஸ்தூரிபாய் நோயுற்றார். உப்பும் பருப்பும் விட்டால் குணமாகும் என்று காந்தி நம்பினார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவரால்கூட அவற்றை விட முடியாது என்று அம்மாள் கூறி விட்டார். காந்தி அதட்டவில்லை. அந்த நிமிஷமே, மனைவி விட்டாலும் விடாவிட்டாலும், தாம் ஓராண்டு அவற்றைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்டார். கஸ்தூரிபாய் பதறிப் போய்க் கெஞ்சினார். விரதம் மாறவில்லை. பின்பு அம்மாளும் தாமாகவே விட்டார்.

மதுரையில் ஒரு நாள்

கதர் விஷயத்திலும் அப்படியே. 1915-இல் ஆமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கிய பின், முதலில் மில் துணியை விட்டுக் கைத்தறித் துணிக்கு வந்தார்கள். அதற்கு நூல் மில் நூல்தான். ஆசிரமத்தார் நெசவு பழகினார்கள். பிறகுதான் கங்காபென் என்ற அம்மையார் தேடிக் கண்டுபிடித்த ராட்டை வந்தது, கைந்நூல் வந்தது, கதர் வந்தது.

1921 செப்டம்பரில் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம். கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்தியது. தமக்கு மட்டும் தலையில் குல்லாய், உடம்பில் சட்டை, காலளவு வேட்டி எதற்கு? அதற்கு முன்பும் இந்த எண்ணம் வந்ததுண்டு, துணியவில்லை. செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதி வீட்டில் துணிந்தார். முழங்கால் அளவு துண்டு வேட்டியோடு வெளியே வந்தார். அப்போதும் ஆயுளுக்கும் என்று சபதம் போடவில்லை. அக்டோபர் 31 வரை பார்க்கலாம் என்றுதான் அறிவித்தார். அக்டோபர் போயிற்று. 1948 ஜனவரி 30-ஆம் தேதி குண்டடிபட்டுச் சாய்ந்த வரை அதுவே அவர் உடை.

அந்த உடையோடுதான் 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்கு மறுபடி லண்டன் போனார். குளிர் காலத்துக்கு ஒரு சால்வை மட்டும் கூடுதல். இடுப்பில் ஒரு கடிகாரம் தொங்கும். தங்கச் சங்கிலி இல்லை. நவம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையில் விருந்து வைத்தார். அரை வேட்டியும் சால்வையும் செருப்புமாகக் காந்தி உள்ளே போனார். பத்துப் பவுன் கொடுத்து உடுப்புத் தைத்தாரே, அந்தப் பாண்டுத் தெரு, அரண்மனையிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.