வெறுங்கால் வீரர் சலீம்

கல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஹூக்ளி நதிக்கரையில், மேட்டியாபுருஸ் என்றொரு பகுதி உளது. அரசிழந்த அயோத்தி நவாபு வாஜித் அலி ஷா தம் இறுதிக்காலத்தைக் கழித்த இடம் அது. தாம் விட்டுவந்த லக்னோ நகரை மறக்கலாற்றாது, அதன் சாயலாகவே அவர் அவ்விடத்தை அமைத்துக்கொண்டார் என்பர். அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் சென்றபின், 1904-ஆம் ஆண்டில், அப்பகுதியில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர் முகம்மது சலீம். ஐரோப்பியக் காற்பந்தாட்டச் சங்கமொன்றில் ஆடிய முதல் இந்தியர் என்று இவரைப் போற்றுவர்.

சலீம் ஏழு வயதுச் சிறுவராயிருந்த காலத்தே கல்கத்தாவில் ஒரு பெருநிகழ்ச்சி நேர்ந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள், மோகன் பகான் சங்கத்தார் கிழக்கு யார்க்ஷயர்ப் படைப்பிரிவின் அணியை 2-க்கு 1 என்ற கணக்கில் வென்று, ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டனர். வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்து ஆடியவர் சுதீர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே. பின்னாளில் குருத்துவப் பட்டம் பெற்றவர் இவர். ஆளும் வகுப்பாரை அவர்தம் ஆட்டத்திலேயே வெல்லலாகும் என்ற எண்ணம் வங்கச் சிறுவர் நெஞ்சில் வேரூன்றிற்று. சலீமும் அவருள் ஒருவர்.

அவர் முதலிற் சேர்ந்தது சித்தரஞ்சன் சங்கம். பின்னர் முகம்மதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தின் இரண்டாம் அணி. ஆங்கு அவரைக் கண்ணுற்ற பங்கஜ் குப்தா என்பார் தமது ஸ்போர்ட்டிங் யூனியனுக்கு அழைத்துக்கொண்டார். அதன்பின் ஈஸ்ட் பெங்கால், அதன்பின் ஆரியன்ஸ், மீட்டும் 1934-இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங். இவ்வாறு சங்கம் மாறிச் சங்கம் சென்றவரை நிலையிலி என்று பழித்தல் எளிது. ஆயின் அந்நாளில் இந்தியச் சங்கங்கள் ஆட்டக்காரர்க்கு முறையான ஊதியம் அளிப்பனவல்ல. ஆடுதற்கு இடமளிப்போர் யாவரோ அவரிடம் செல்வதே ஆட்டக்காரர் செய்யக்கூடுவது. தச்சன் தன் உளியொடு வேலையுள்ள ஊர்க்குச் செல்வதை யாரே பழிப்பர்?

கல்கத்தா லீக் பந்தயம் 1898-இல் தொடங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகளாக எந்த இந்திய அணியும் அதில் முதலிடம் பெற்றிலது. 1934-இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் அதனைப் பெற்றது. 1938 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து பெற்றது. ஓரத்து முன்னணியில் நின்று பந்தைக் கடத்திக் கொடுத்த சலீமுக்கு அவ்வெற்றிகளிற் பெரும்பங்கு உண்டு.

1936-ஆம் ஆண்டு, பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் செல்லும் வழியில் சீன நாட்டு அணியினர் கல்கத்தாவில் ஆடினர். முதல் ஆட்டத்தில் சலீம் திறம்படப் பங்குகொண்டார். இரண்டாவது ஆட்டத்திற்கு அவரைத் தேடினர், காணவில்லை. அவரோ கப்பலேறிவிட்டார்! ஸ்காட்லாந்தில் வாழ்ந்த உறவினர் ஒருவர், மேனாட்டில் திறமையைச் சோதித்துப் பார்க்கலாமென்று உடனழைத்துச் சென்றனர்.

மிஷன் கல்லூரிகளிற் பயின்றோர்க்கு ஸ்காட்லாந்து புதுப்பெயரன்று. கல்விப்பணிக்காக நம் நாடு போந்த பெரியோர் பலரை ஈன்ற நாடு அது. ஆங்குக் கிளாஸ்கோ நகரில் உள்ளது செல்டிக் சங்கம். அந்நகரின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகட்கு உணவளிக்கப் பொருள் திரட்டும் பொருட்டு, வால்பிரிட் என்னும் துறவுச் சகோதரர் 1887-இல் நிறுவியது அது. 1897 முதல் அதன் மேலாளராயிருந்தவர் வில்லி மேலி. காலணியின்றி ஆடும் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரரோடு எங்ஙனம் பொருவார் என்று அவர் முதலில் நகைத்தனர் என்பர். ஆயினும் சோதித்துப் பார்த்தபின் இரண்டாம் அணியில் இடமளித்தார்.

சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டு மட்டுமே காப்பு. முன்னாளில் பெயர்பெற்ற ஆட்டக்காரராயிருந்த ஜிம்மி மக்மெனமி குனிந்து அவர் பாதத்திற்குக் கட்டுக் கட்டும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. அடிமை நாட்டினின்று வந்தவர் அமர்ந்திருக்க, ஆளும் நாட்டார் ஒருவர் அவர் காலைப் பேணும் காட்சி அது! ஹாமில்டன் அணியை 5-க்கு 1 என்றும், கால்ஸ்டன் அணியை 7-க்கு 1 என்றும் செல்டிக் அணி வென்ற இரு ஆட்டங்களில் சலீம் ஆடினார். பெருவிரலிற் பந்தை நிறுத்தி, அதனைச் சிறுவிரல் வரை உருளச்செய்து, ஒற்றைக்காலால் எதிரியைச் சுற்றிக் கடந்து, நடுவில் நிற்பவர்க்கு வழங்கும் அவர்தம் வித்தையைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. கால்ஸ்டன் ஆட்டத்தின் ஏழு கோல்களுள் மூன்று அவர் வழங்கிய பந்தால் விளைந்தன. அவ்வாட்டத்தில் தண்டனை உதை உதைக்க அவரை அழைத்தபோது, கூச்சத்தால் மறுத்துவிட்டார். ஆங்கிலம் பேசவறியாதவர் வேறென் செய்வார்?

பூட்ஸின்றி ஆடியதை வறுமையின் அடையாளமாகவே பலர் எண்ணுவர். எம்மூராகிய திருநாவலூரில் கெடிலத்தின் மணலிற் பந்துதைக்கும் சிறுவரைக் கண்டவர் அவ்வாறு எண்ணார். தோலுறைக்குள் அடங்கிய காலுக்கு விரல்கள் ஐந்தென்பது மறந்துபோகும். வெறுங்காலுக்கோ ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு கருவி. மழையிற் சேறான தரையில் அது வழுக்கும் என்பதும் உண்மையே.

சில திங்கள்களில் சலீமுக்குத் தாய்நாட்டு ஏக்கம் மிகுந்தது. செல்டிக் சங்கத்தார் ஓர் அறக்கொடை ஆட்டம் நடத்தி, வருவாயில் நூற்றுக்கு ஐந்து அவர்க்குத் தர முன்வந்தனர் என்றும், அதனை அனாதைக் குழந்தைகட்கு அளித்துவிடுமாறு அவர் கூறினார் என்றும் சொல்வர். அச்சங்கம் பிறந்த நோக்கத்தை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அக்கொடை அதற்கு ஒத்ததாயிற்று. பின்னர்க் கல்கத்தாவுக்கு மீண்டார்.

புகழும் பொருளும் கைவருங்கால் விட்டு வந்தது பேதைமை எனக் கருதுவார் உளர். தமிழ் பயிலும் எனக்கு எம்மூர்ப் பெரியார் ஒருவர் நினைவே எழுகின்றது. திருநாவலூரில் தோன்றிய சுந்தரர், பிரியேன் என்று சங்கிலியார்க்குச் சூளுரைத்தும், ஆரூர் நினைவு மேலிடத் திருவொற்றியூர் எல்லை கடந்து கண்ணொளி இழந்தார் எனச் சேக்கிழார் பாடுவர். இழப்பென்று அறிந்தும் கால்கள் சென்ற வழி அது. சலீமின் கால்களும் அவ்வாறே சென்றன என்று கொள்வதில் யாது பிழை? மேலும் அவர் ஆடியது இரண்டாம் அணியில். முதலணியில் இடம் உறுதி என்று எவரும் உரைத்திலர்.

1937, 1938 ஆகிய ஆண்டுகளின் லீக் வெற்றிகளை முகம்மதன் ஸ்போர்ட்டிங் பெற்றது. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் தாலிமெரென் ஆவோ தலைமையில் நம் வீரர் பலர் வெறுங்காலொடு பிரான்சு அணியை எதிர்த்து, 2-க்கு 1 என்ற கணக்கிலேயே தோற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியரிடம் 10-க்கு 1 என்று தோற்றபின், பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்கால் ஆட்டத்தின் காலம் அத்துடன் முடிந்தது.

சலீம் 1980-இல் மறைந்தார். அவர் முதுமையில் நோயுற்றிருந்தபோது, அவர் புதல்வர் செல்டிக் சங்கத்திற்குக் கடிதமெழுதி மருத்துவத்திற்கு உதவி கேட்டனர். பணம் வேண்டியன்று, தம் தந்தையை அங்கு எவரேனும் நினைவில் வைத்துள்ளனரா என்று அறியவே அவ்வாறு எழுதியதாகப் பின்னர்க் கூறினார். விடை வந்தது. அதனுள் 100 பவுனுக்கு ஒரு வரைவோலை இருந்தது. அதனை அவர் காசாக மாற்றவில்லை.