எலிகளுக்கு விருந்து வைத்த டாக்டர்

நீலகிரி மலையில் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் செய்ய 1907-ல் ஏற்பட்ட நிலையம் இது. இங்கே ஒரு டாக்டர் புறாக்களையும் எலிகளையும் வளர்த்தார். அவற்றுக்கு விதவிதமாகச் சாப்பாடு போட்டார். அதன் மூலம் ஒரு பெரிய உண்மையை உலகுக்குக் காட்டினார். அவர்தான் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன்.

எல்லைப்புறத்தில்

மெக்காரிசன் 1878-ம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். பெல்பாஸ்டு நகரில் மருத்துவம் படித்தார். 1901-ல் இந்தியாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தார். வடமேற்கு எல்லையில் சித்ரால், கில்கிட் ஆகிய மலைநாடுகளில் வேலை. கில்கிட்டில் பலருக்குக் கழுத்தில் கழலை இருந்தது. காரணம் குடிநீரோ என்று சந்தேகித்தார். அந்தத் தண்ணீரின் கசடை மற்றவர்களோடு தாமும் குடித்துச் சோதித்தார். அயோடின் சத்துக் குறைவே கழலைக்கு முக்கிய காரணம் என்று பின்னாளில் தெளிவாயிற்று.

முடங்கிய புறாக்கள்

முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் அவர் குன்னூருக்கு வந்தார். அப்போது பெரிபெரி என்ற நோய் பல நாடுகளில் ஏழைகளை வாட்டியது. அது நரம்புகளைக் கெடுக்கும். கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், இதயமும் தளரும்.

மெக்காரிசன் புறாக்களுக்கு நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் போட்டார். சில வாரங்களில் அவற்றின் கால்கள் முடங்கின. கழுத்து வளைந்து தலை முதுகுப் பக்கம் சாய்ந்தது. குடலும் மற்ற உறுப்புகளும் கூடக் கெட்டிருந்தன.

தீட்டும்போது தவிட்டோடு ஜீவசத்து போய்விடுவதே காரணம். நெல்லை உமியோடு புழுக்கினால் அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கும். ஆகவே புழுங்கல் அரிசி உண்ட தமிழ்நாட்டில் பெரிபெரி குறைவு. மில்லில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரையில் அது அதிகம்.

எலிகளின் பந்தி

1923-ல் சர்க்கார் சிக்கனம் என்று சொல்லி அவருடைய ஆராய்ச்சியை நிறுத்தியது. டாக்டர் மனம் தளரவில்லை. இரண்டு ஆண்டுகளில் வேலை மீண்டும் தொடங்கியது.

இந்த முறை எலிகள். ஒரே வயதுள்ள எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. இன்னொன்றுக்கு மராட்டியர் சாப்பாடு. வேறொன்றுக்குச் சென்னைச் சாப்பாடு. இப்படி ஏழு வகை.

முடிவு என்ன? கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம் தின்ற சீக்கிய எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. வெள்ளை அரிசிச் சோறு அதிகமாகவும் பால் மிகக் குறைவாகவும் பெற்ற சென்னை எலிகள் 155 கிராமோடு நின்றன. ஏழு கூட்டத்திலும் அதுவே கடைசி!

எலிக்குக் கண்டதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் ஒன்று புரிந்தது. குலமோ நாடோ அல்ல, தட்டில் விழும் உணவே உடலைப் பெரிதும் உருவாக்குகிறது.

குன்னூரின் பெருமை

1933-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு லண்டனில் அவர் செய்த சொற்பொழிவுகளில் குன்னூர் எலிகளின் கதை இடம்பெற்றது. பல நாட்டு உணவு நிபுணர்கள் அதை எடுத்துக்காட்டினார்கள். 1960-ல் அவர் காலமானார்.

குன்னூரில் அவர் வளர்த்த ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

மல்லிகைப் பூப்போன்ற வெள்ளைச் சோறு கண்ணுக்கு அழகுதான். ஆனால் தீட்டத் தீட்ட அதன் சத்து தவிட்டோடு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுகிறது. குன்னூர் டாக்டர் புறாக்களை வைத்துக் காட்டிய பாடம் அது.