திருப்பாணாழ்வார்: ஒருவருக்கு மட்டும் திறந்த கதவு

உறையூர்ப் பாணர் குலத்தில் வாழ்ந்தவர் திருப்பாணாழ்வார். தீண்டாமையால் திருவரங்கக் கோயிலுக்குள் நுழைய இயலாது, காவிரிக் கரையில் நின்று யாழிசைத்துப் பாடியவர். அவருடைய பத்துப் பாசுரங்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் உள்ளன. அவர் மீட்டிய யாழிசை எஞ்சவில்லை.

வழியில் நின்ற அவர்மீது லோகசாரங்க முனிவர் கல்லெறிந்ததாகவும், அரங்கனின் ஆணைப்படி அம்முனிவரே அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் சென்றதாகவும், அங்கே அவர் இறைவனோடு கலந்து மறைந்ததாகவும் வைணவ மரபு கூறுகிறது. நெல்வயலில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றும் அது சொல்லும்.

இக்கதையை நாம் மீள வாசிக்க வேண்டும். பிறப்புக் கதை அவரைப் பாணர் குருதியிலிருந்து பிரிக்கிறது; முடிவு அவரைத் தம் மக்களிடம் திரும்பவிடவில்லை. அவருக்குத் திறந்த கதவு அவர் குலத்தாருக்குத் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்டோரின் ஆலய நுழைவு உரிமையை உறுதிசெய்ய 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் வரவேண்டியிருந்தது.